மலையேறிய டிராம்

டார்ஜிலிங் என்ற சொல் எந்த வழியாகத் தமிழுக்கு வந்தது என்பதை அதன் முதல் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். வங்காளத்திலும் நேப்பாளியிலும் இந்தியிலும் அந்த ஊர்ப்பெயர், நாக்கு நுனி பல்லைத் தொடும் தகர ஒலியில் தொடங்குகிறது. உள்ளூர்க்காரர் வாயில் அது 'தார்ஜிலிங்'தான். நாம் அதை ஆங்கிலேயர் வாய்வழியாகக் கேட்டதால் 'டா' போட்டுக்கொண்டோம். தில்லி டெல்லியான கதையும் இதுவே. மொழிமுதலில் டகரம் வராது என்பது தொல்காப்பியர் காலத்து வழக்கு. கம்பெனியார் கப்பலோடு வந்த சொற்களுக்காக அந்தக் கதவைத் திறந்துவிட்டோம். டிக்கெட், டீ, டிராம், டார்ஜிலிங். இந்த நான்கும் ஒரே மலைப்பாதையில் கூடிவருகின்றன.

பாதையின் பெயர் டார்ஜிலிங் ஹிமாலயன் ரயில்வே. முதற்சொல் திபெத்தியம், அடுத்தது வடமொழி, கடைசி ஆங்கிலம். இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 2 அடிதான், அதாவது 610 மில்லிமீட்டர். நம் ஊர் அகலப்பாதையில் அந்த இடைவெளி 1676 மில்லிமீட்டர். வட வங்காளச் சமவெளியில் நியூ ஜல்பாய்குரியில் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 100 மீட்டரில் கிளம்பி, கூம் நிலையத்தில் 2258 மீட்டரைத் தொட்டு, அங்கிருந்து சற்று இறங்கி டார்ஜிலிங் சேரும். மொத்தம் 88 கிலோமீட்டர். 1999-ல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. நீலகிரி மலை ரயில் 2005-லும் கால்கா–சிம்லா பாதை 2008-லும் அதே பட்டியலில் சேர்ந்தன.

கம்பெனி தொடங்கியபோது இந்தப் பெயர் இல்லை. 1878-ல் கல்கத்தாவிலிருந்து சிலிகுரி வரைக்கும் ரயில் வந்துவிட்டது. நடுவே கங்கையை மட்டும் படகில் கடக்க வேண்டும். சிலிகுரிக்கு மேலே மலை. மலையில் 1860-களில் போட்ட ஹில் கார்ட் ரோடு, அதாவது மலை வண்டிப்பாதை. குதிரை வண்டியும் மாட்டு வண்டியும்தான் போக்குவரத்து. கீழே விற்கும் அரிசி மேலே போய்ச் சேரும்போது இரண்டு மடங்குக்கு மேல் விலை ஏறியிருக்கும். தேயிலையைக் கீழே இறக்குவதற்கும் அதே பாடு. கிழக்கு வங்காள ரயில்வேயின் ஏஜெண்டாக இருந்த ஃபிராங்க்ளின் பிரெஸ்டேஜ், இருக்கிற சாலையின் ஓரத்திலேயே நீராவி டிராம் ஓட்டலாம் என்று வங்காள அரசுக்கு ஒரு திட்டம் கொடுத்தார். லெப்டினன்ட் கவர்னர் ஆஷ்லி ஈடன் ஒப்புக்கொண்டார். 1879-ல் வேலை தொடங்கியது. 1880 மார்ச்சில் வைஸ்ராய் லிட்டன் பிரபு டிந்தாரியா வரை போய்ப் பார்த்தார், ஆகஸ்டில் கர்சியாங் வரை வண்டி ஓடியது, 1881 ஜூலை 4-ல் டார்ஜிலிங் வந்து சேர்ந்தது. இவ்வளவையும் செய்து முடித்த நிறுவனத்தின் பெயர் 'டார்ஜிலிங் ஸ்டீம் டிராம்வே கம்பெனி'.

பாதை திறந்து இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. 1881 செப்டம்பர் 15-ல் பெயரை மாற்றிக்கொண்டார்கள். 'ஸ்டீம் டிராம்வே' போயிற்று. 'ஹிமாலயன் ரயில்வே' வந்தது. தண்டவாளம் மாறவில்லை, என்ஜின் மாறவில்லை, வளைவு ஒன்றுகூடக் குறையவில்லை. பெயர்ப்பலகை மட்டும் மாறியது. கொஞ்சம் பணம் சேர்ந்ததும் பட்டப்பெயர் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் கம்பெனிகளுக்கும் உண்டு போலும். நம் வழக்கில் ஒன்று காணாமல் போனால் 'மலையேறிவிட்டது' என்போம். டிராம் என்ற பெயர் இரண்டு பொருளிலும் மலையேறிவிட்டது.

இனி அந்தப் பெயரைச் சொல் சொல்லாகப் பிரிப்போம். முதற்சொல்லில்தான் சரக்கு அதிகம்.

சுற்றுலாக் கையேடு எதைப் புரட்டினாலும் டார்ஜிலிங் என்றால் 'இடியின் நிலம்' என்று இருக்கும். தமிழ்ப் பத்திரிகைகளும் அதையே எழுதுகின்றன. மழைக்காலத்தில் அங்கே இடி இடிப்பது உண்மைதான். மலை என்றால் எங்குதான் இடிக்காது? இந்த விளக்கம் திபெத்தியத்திலிருந்து நேராக வந்ததில்லை, ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது. மூலச்சொல் 'டோர்ஜே'. திபெத்திய எழுத்தில் அதைப் பிரித்தால் 'டோ' என்பது கல், 'ஜே' என்பது தலைவன். கற்களுக்குத் தலைவன், கல்லரசு. எந்தக் கல் கற்களுக்கெல்லாம் அரசு? வைரம்.

வடமொழி 'வஜ்ர' என்ற சொல்லைத் திபெத்தியர் தங்கள் வேர்ச்சொற்களைக் கொண்டே இப்படி மொழியாக்கம் செய்துகொண்டார்கள். தமிழ் அதே சொல்லை ஒலி மாற்றி எடுத்துக்கொண்டது. இந்திரன் கையில் இருந்தால் வச்சிரம், காதில் மின்னினால் வயிரம். முற்றிய மரத்தின் உள்ளே ஏறிய கெட்டிப்பும் வைரம்தான். 'வைரம் பாய்ந்த கட்டை' என்று உடம்பு இறுகிய கிழவரைச் சொல்கிறோமே, அந்த வைரம். தச்சர்கள் பலகை ஒட்டக் காய்ச்சும் பசைக்கும் வச்சிரம் என்று பெயர். உடையாதது, பிரியாதது என்ற கருத்து எல்லாவற்றிலும் ஓடுகிறது. பௌத்தத்திலும் வஜ்ரத்தின் பொருள் இதுவே. லாமா வழிபாட்டில் வலக்கையில் வைத்திருக்கும் சிறிய உலோகக் கருவி டோர்ஜே, இடக்கையில் மணி. இந்திரனின் ஆயுதம் மின்னலாகவும் இருந்ததால் ஆங்கில அகராதிக்காரர்கள் இடியைப் பிடித்துக்கொண்டார்கள், வைரத்தை விட்டுவிட்டார்கள். தமிழ் வாசகருக்கு அந்தச் சுற்றுவழியே தேவையில்லை. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்தில் இந்திரனின் வச்சிரத்துக்கென்று ஒரு கோட்டம் வருகிறது. வச்சிரக்கோட்டம் என்று அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தால் டார்ஜிலிங்குக்கு வெகு பக்கத்தில் வந்துவிடுகிறோம்.

மிச்சம் 'லிங்'. இடம், நிலம் என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். தவறில்லை, ஆனால் அடியில் இருக்கும் பொருள் தீவு. பௌத்த நூல்களைத் திபெத்தியத்துக்குக் கொண்டுபோனவர்கள் 'த்வீப' என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் 'லிங்' போட்டார்கள். ஜம்புத்வீபம் அங்கே 'ஜம்பு லிங்'. நாம் அதை நாவலந்தீவு என்றோம். பிறகு சொல் விரிந்து, தனித்து ஒதுங்கிய புனித இடம், தோட்டம், மடம் எல்லாம் லிங் ஆயின. லாசாவில் தலாய் லாமாக்களின் கோடைமாளிகையான நோர்புலிங்கா 'மணித் தோட்டம்'. அதிலும் இந்த லிங் இருக்கிறது. தண்ணீர் சூழ்ந்ததும் தீவு. உலகத்தை விட்டு ஒதுங்கியதும் தீவு.

ஆக, டோர்ஜே லிங் என்பது வச்சிரத் தீவு அல்லது வச்சிர மடம். அது எந்த மடம் என்பதற்கும் விடை உண்டு. டார்ஜிலிங் நகரின் நடு உச்சியில் அப்சர்வேட்டரி ஹில் என்றொரு குன்று. அங்கே 1765-ல் டோர்ஜே ரின்சிங் என்ற லாமா ஒரு மடம் கட்டினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. பின்னாளில் கூர்க்காப் படையெடுப்பில் அது சிதைந்தது. மடத்துக்குப் பிறகு கீழே பூட்டியா பஸ்தியில் வேறு இடம் அமைந்தது. குன்றின் மேல் இப்போது மகாகாலர் கோயில். பௌத்தரும் இந்துக்களும் ஒரே வளாகத்தில் வழிபடுகிறார்கள், லாமாவும் பூசாரியும் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த மரபை ஏற்றால் டோர்ஜே என்பது ஆள்பெயராகவும் இருக்கலாம். திபெத்தியரிடையே டோர்ஜே மிகச் சாதாரணமான பெயர். வைரமுத்து என்பவர் பெயரில் ஓர் ஊர் இருந்தால் அங்கே போய் வைரச் சுரங்கம் தேடுவோமா? இடியைத் தேடுவதும் அப்படித்தான்.

லெப்சாக்கள் இதை ஒத்துக்கொள்வதில்லை. அந்த மலைகளின் பழங்குடிகள் அவர்கள். ஊரின் பெயர் தங்கள் மொழியில் 'தார்-ஜ்யு-ல்யாங்', தெய்வங்கள் வாழும் நிலம் என்கிறார்கள். 'ல்யாங்' என்றால் லெப்சாவில் நிலம். தங்கள் தொல்தாயகத்தையே 'மாயெல் ல்யாங்' என்றுதான் சொல்வார்கள். என் சாய்வு மடத்தின் பக்கம்தான். 1854-ல் வெளிவந்த பயணநூலில் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் ஊர்ப்பெயரை 'டோர்ஜிலிங்' என்றே எழுதுகிறார். முதல் உயிர் இன்னும் ஓகாரமாக இருந்த காலம் அது. ஆனாலும் லெப்சாக்களின் வாதத்தை எளிதில் தள்ள முடியாது. சுற்றியிருக்கும் ஆறும் முகடும் ஊரும் லெப்சாப் பெயர் தாங்கி நிற்கும்போது நடுவில் இருக்கும் குன்றுக்கு மட்டும் பழைய பெயர் இல்லாமலா போயிருக்கும்? ஒலி ஒத்துவந்த இடத்தில் புதிய பெயர் பழைய பெயரின் மேல் ஏறி உட்கார்வது ஊர்ப்பெயர்களில் அடிக்கடி நடப்பது. வாடல் என்ற ராணுவ மருத்துவர் 1891-ல் வங்காள ஆசியச் சங்கத்தின் இதழில் இந்த மாவட்டத்தின் இடப்பெயர்களையும் ஆற்றுப்பெயர்களையும் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். அப்போதே ஆராய்ச்சிக்குரிய பொருளாக இது ஆகிவிட்டிருந்தது.

ஓகாரம் ஆகாரமாக, 'டோர்' 'டார்' ஆக, நடுவில் நெடில் ஈகாரத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து சேர, அந்த எழுத்துக்கோவையைத்தான் ரயில் கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொண்டது. அதுவே டிக்கெட்டிலும் தேயிலைப் பெட்டியிலும் ஏறி உலகம் சுற்றியது. இந்தியாவில் புவிசார் குறியீடு முதன்முதலில் வழங்கப்பட்டது டார்ஜிலிங் தேயிலைக்கே. வேறு மலையில் விளைந்த இலையை அந்தப் பெயரில் விற்றால் இன்று வழக்குப் போடலாம். லாமாவின் மடத்துப் பெயருக்குச் சட்டக் காவல்.

இரண்டாவது சொல்லில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. ஹிமம் என்றால் பனி, ஆலயம் என்றால் இருப்பிடம். தமிழில் ஆலயம் கோயிலாகச் சுருங்கிவிட்டதால், இமாலயம் என்றதும் பனிக்கோயில் என்று நம் மனம் தானாகவே ஒரு கோபுரத்தைக் கட்டிவிடுகிறது. நமக்கு அதைவிடப் பழைய வடிவம் ஒன்று இருக்கிறது: இமயம். சங்கப் பாடல்களில் வருவது அதுதான். சேரன் நெடுஞ்சேரலாதனுக்கு இமயவரம்பன் என்று அடைமொழி. ரயில் கம்பெனிக்காரர்கள் இந்தச் சொல்லைச் சேர்த்தது பங்குதாரர்கள் காதுக்கு என்றுதான் நினைக்கிறேன். டிராம்வே என்றால் பட்டணத்துத் தெரு நினைவுக்கு வரும். ஹிமாலயன் என்றால் மலை எழுந்து நிற்கும்.

மூன்றாவது சொல், ரயில்வே. ரயில் என்பது ஆங்கிலத்தில் இரும்புத் தண்டு. தமிழில் அது வண்டியையே குறிக்கத் தொடங்கிவிட்டது. 'ரயில் ஏறினான்' என்றால் தண்டவாளத்தில் ஏறினான் என்று யாரும் கொள்வதில்லை. புகைவண்டி, தொடர்வண்டி, இருப்பூர்தி என்று எத்தனையோ செய்து பார்த்தோம். ஈழத்தில் எழுத்தில் புகையிரதம், பேச்சில் கோச்சி. தண்டின் பெயரே தமிழ்நாட்டில் நிலைத்தது. டிராம் என்ற சொல்லும் இப்படி இடம் மாறியதுதான்: கைவண்டியின் ஏர்க்கால் போன்ற மரத்தடியைக் குறித்த, பிரிட்டனின் வடபுலச் சொல், சுரங்கங்களில் கட்டை பதித்த பாதைக்கு ஆகி, பிறகு தெருவில் ஓடும் வண்டிக்கு ஆயிற்று. சென்னையில் 1895 முதல் 1953 வரை மின்சார டிராம் ஓடியது. பழைய சென்னைக்காரர்கள் அதை டிராம் வண்டி என்றே சொன்னார்கள்.

தெருவோடு தெருவாக, கடைவாசலை உரசிக்கொண்டு, மாடும் மனிதரும் குறுக்கே வர ஓடுவதுதான் டிராம் என்றால், டார்ஜிலிங் வண்டிக்கு முதலில் வைத்த பெயரே பொருத்தமானது. கர்சியாங் கடைத்தெருவில் இன்றும் பெட்டியின் சன்னலிலிருந்து கை நீட்டினால் கடைச்சரக்கைத் தொடலாம். சாலையைப் பாதை நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் குறுக்கே கடக்கிறது. இரண்டும் ஒரே திட்டில் பிணைந்து கிடப்பதால் மலை சரிந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். டிந்தாரியாவுக்கு மேலே பாக்லா ஜோரா என்று ஓரிடம்; பாக்லா என்றால் பித்துப்பிடித்தது, ஜோரா என்றால் ஓடை. 2010-ல் பெய்த மழையில் அந்தப் பித்தோடைப் பக்கம் சாலையும் தண்டவாளமும் சரிந்தன. முழுப்பாதையிலும் வண்டி மறுபடி ஓடியது 2015 டிசம்பரில்.

சாலையை ஒட்டியே போக முடிவுசெய்ததால்தான் அந்தப் பாதையின் புகழ்பெற்ற தந்திரங்களும் பிறந்தன. நீலகிரியில் 12 அடிக்கு 1 அடி என்று ஏறும் செங்குத்துக்குப் பல்சட்டம் வைத்தார்கள்; என்ஜினின் பற்சக்கரம் அதில் கடித்துக் கடித்து ஏறும். டார்ஜிலிங் பாதையில் பல்சட்டம் கிடையாது. சக்கரமும் தண்டவாளமும் உரசும் பிடிப்பே ஆதாரம். ஏற்றம் கடுமையான இடங்களில் பாதை தன்னையே சுற்றிக்கொண்டு தன் தலைக்கு மேலாகப் போகிறது. அதற்கும் இடமில்லாத இடங்களில் வண்டி முன்னே போய் நின்று, பின்னோக்கி ஏறி, மறுபடி முன்னே போகிறது. இந்தப் பின்னேற்றத்துக்கு 'ரிவர்ஸ்' என்று பெயர். முன்னே போக வழியில்லையென்றால் பின்னே வந்து பாருங்களேன் என்று பிரெஸ்டேஜின் மனைவி சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. கதைக்குக் கால் முளைத்திருக்கிறது என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நிலையப் பெயர்களில் மலையின் குடியேற்ற வரலாறு அடுக்கடுக்காகத் தெரியும். லெப்சா ஆதிப் பெயர்கள், அவற்றுக்கு மேல் திபெத்தியம், பிறகு தேயிலைத் தோட்டத்துக்கு வந்த நேப்பாளியரின் சொற்கள், கீழே வங்காளம், நடுவில் ஆங்கிலேயர் ஒட்டிய அடையாளச் சீட்டுகள். கர்சியாங் வெள்ளை ஆர்க்கிட் மலர்கின்ற இடம் என்று லெப்சாவில் விளக்குவார்கள். சோனாதா அதே மொழியில் கரடி இருக்கும் இடம்; இந்தி தெரிந்தவர் காதில் சோனா என்பது தங்கமாக விழும். கூம் என்றால் வங்காளிக்குத் தூக்கம். பனிமூட்டத்தில் கண் சொக்கும் அந்த ஊரில் இறங்கும் கல்கத்தாக்காரர் யாரும் வேறு விளக்கம் கேட்பதில்லை. சுன்பட்டி என்று எழுதினால் தமிழர் ஏதோ மதுரைப் பக்கத்துக் கிராமம் என்று நினைக்கக்கூடும். அங்கே 'சுன்' என்பது சுண்ணாம்பு, 'பட்டி' என்பது சூளை. காளவாய்மேடு என்று நாம் பெயர் வைத்திருப்போம். 1919-ல் அமைத்த பதாசியா சுற்றுக்குக் காற்றின் பெயர். வளைவு மிகக் குறுகிய ஓரிடத்துக்கு ஆங்கிலேயர் 'அகோனி பாயிண்ட்' என்று பெயர் வைத்தார்கள். வேதனை முனை. பெயர் வைத்தவர் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவர் என்பது தெரிகிறது. என்ஜினை ஓட்டியவர் வைத்திருந்தால் வேறு பெயர் வந்திருக்கும்.

எந்தப் பதிவேட்டிலும் கம்பெனி பெயராக ஏறாமல், எல்லாப் பெயரையும் அமுக்கிவிட்ட ஒன்று இருக்கிறது: 'டாய் டிரெயின்'. தமிழில் பொம்மை ரயில். எனக்கு இந்தப் பெயரோடு ஒத்துப்போகவில்லை. விடுமுறைக்கு வந்த பயணியின் கண்ணுக்கு அகலப்பாதையை அளவாக வைத்துப் பார்க்கும்போது அது பொம்மை. 1889 முதல் இந்தப் பாதைக்கென்று ஷார்ப் ஸ்டூவர்ட் நிறுவனம் செய்து அனுப்பத் தொடங்கிய 'பி' வகை நீராவி என்ஜின்களில் சில இன்னும் ஓடுகின்றன. ஓட்டுநர், கரி தள்ளுபவர் போதாதென்று, கரிக்குவியலில் அமர்ந்து கரி உடைக்க ஓர் ஆள் உண்டு. என்ஜினின் முன்பக்கத் தாங்கியில் இரண்டு பேர் உட்கார்ந்து, ஈரத்தில் சக்கரம் வழுக்கும்போதெல்லாம் தண்டவாளத்தில் மணல் தூவிக்கொண்டே வருவார்கள். மழையிலும் குளிரிலும் அதுதான் அவர்கள் உத்தியோகம். மலைக்கு அரிசி ஏற்றியதும் தேயிலையை இறக்கியதும் இந்த வண்டிதான். அதைப் பொம்மை என்பது ஆட்டம் பார்க்க வந்தவர் வைத்த பெயர். நீலகிரி வண்டியை நம்மவர்கள் பெரும்பாலும் 'மலை ரயில்' என்றே சொல்கிறார்கள். எளிய பெயர், எந்த இளக்காரமும் இல்லை.

டார்ஜிலிங் மலையில் நேப்பாளி பேசுவோர் 'சானோ ரேல்' என்று சொல்வதுண்டு. சானோ என்றால் சிறியது. பொம்மை என்ற பொருள் அதில் இல்லை. நேப்பாளியில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: தாயின் தங்கையை அதே வேரிலிருந்து 'சானிமா' என்பார்கள், நாம் சின்னம்மா என்கிறோமே, அப்படி. அகலப்பாதையில் சிலிகுரி வரை வரும் வண்டி பெரியது, அதற்கு இளையது இது. சின்ன ரயில் என்றே தமிழிலும் சொல்லலாம்.